பரணில் இருந்த உன் நோட்டு

போன வாரம் பெய்த கோடை மழைக்கு எஸ்டேட் முழுக்கக் காப்பி பூத்துவிட்டது. காலையிலிருந்து அந்த மணம் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. ஜன்னல்களைச் சாத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. போன வருஷம் இதே பூ பூத்த வாரத்தில்தான் உன் மகன் போனான். அவனுக்கு அப்போது ஒன்பது மாதம். என் மகளுக்கு இப்போது ஒன்பது மாதம். நேற்றிலிருந்து அவளுக்குக் காய்ச்சல்.

பஜாரில் டாக்டரிடம் காட்டினேன். சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் இறங்கிவிடும் என்றார். உன்னிடமும் அப்படித்தான் சொன்னார்களாம்.

சேலத்துக் கல்லூரிக்குப் போய்வந்த மூன்று வருஷமும் பஸ்ஸில் ஒரே நோட்டில் போட்டி போட்டுக் கவிதை எழுதினோமே, நீ இரண்டு வரி, நான் இரண்டு வரி. கொண்டை ஊசி வளைவு வந்தால் எழுத்து கோணிக்கொள்ளும். கல்யாணமாகி நீ வெள்ளக்கடை கிராமத்துக்குப் போனாய், நான் ஏற்காட்டிலேயே இருந்தேன். அப்புறம் நோட்டு மட்டும் பஸ்ஸில் போய்வந்தது. "ஏனுங்க, இந்த வாரம் யாருங்க ஜெயிச்சது?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் அண்ணன் நீட்டுவார். ஒருத்தி பதில் எழுதும்வரை மற்றவள் அடுத்ததை எழுதக் கூடாது. அந்தச் சட்டம் போட்டது நீதான்.

மகனைப் புதைத்த எட்டாம் நாள் நோட்டு வந்தது. எனக்கு ஆறாம் மாதம். என் மாமியார் அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"செத்த கொழந்தையப் பத்தி எழுதுனத, மாசமா இருக்கறவ படிக்கக் கூடாது சாமி."

வேப்பிலையோடு துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். பி.ஏ. தமிழ் படித்தவள் நான், தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எனக்கும் பயம்தான்.

நீ போனில் கேட்டபோது, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். "அவசரமில்ல புள்ள. நீ எழுதி அனுப்பு, அப்பறம் நான் எழுதறேன்" என்றாய். மகள் பிறந்தாள். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு என்று இன்னும் தள்ளிப்போட்டேன். ஐப்பசியில் உனக்குக் காமாலை முற்றிவிட்டது. துக்கத்துக்கு வந்தபோது உன் வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கடைசி வரைக்கும், பஸ் வந்தா நோட்டு வந்துச்சான்னு கேட்டுட்டே இருந்தாளுங்க."

எழுத ஊரில் வேறு காகிதமே இல்லையா உனக்கு? உன்மேல் கோபம்கூட வந்தது எனக்கு.

இன்று மத்தியானம் ஸ்டூல் போட்டு ஏறி நோட்டை எடுத்தேன். வேப்பிலை பொடியாக உதிர்ந்தது. அத்தை நிலைப்படியில் நின்று, "இன்னைக்கா கண்ணு? கொழந்த இப்படிச் சுடறப்பவா?" என்றார். மகளை மடியில் போட்டுக்கொண்டு, சத்தமாகவே படித்தேன்.

தொட்டிலை இன்னும் அவிழ்க்கவில்லை.
காற்றாவது வந்து படுக்கட்டும்.

அவ்வளவுதான். கீழே எனக்கு விட்ட இடம். இந்த இரண்டு வரிக்கா ஒரு வருஷம் பயந்தேன்? பேனாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினேன். எழுதினால் இவளுக்கும் அப்படி நடந்துவிடுமோ என்றுதான். இருந்தும் எழுதினேன்.

எழுந்து போய்விடாதே காற்றே,
நான் ஆட்டிவிடுகிறேன்.

அதையும் படித்துக் காட்டினேன். அத்தை திட்டுவார் என்று பார்த்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"உம் புருசனுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. பொட்டப்புள்ள. பேரு வெக்கறதுக்குள்ள போயிருச்சு. இந்த ஊட்ல யாரும் அதப் பேசறதில்ல." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதையும் அதுலயே எழுதிக்கறயா கண்ணு?"

அடுத்த பக்கம் திருப்பினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவருக்கு நினைவிருந்தது கொஞ்சம்தான், அதனால் அதிகம் எழுத வேண்டியிருக்கவில்லை.

பதில் எழுதப் பயந்தவளிடம் இப்போது மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள். நோட்டில் இரண்டு பேர், மடியில் ஒருத்தி. மடியில் இருப்பவள் இன்னும் சுடுகிறாள்.