மழையில் சுற்றிய கம்பி

1858 ஏப்ரல் 14, சண்டர்லாந்து
மூன்றாம் நாளாக மழை. ‘ஹெஸ்டர் லோ’வின் பாய்மரங்களை இழுத்துக் கட்டச் சணல் கயிறு வேண்டாம், கம்பிக் கயிறுதான் என்று கப்பல் முதலாளி ஹட்ஸ்பெத் சொல்லிவிட்டார். கப்பலுக்குக் கயிறு கட்டுகிற எனக்கும் சந்தோஷம்தான். சணலுக்குச் செய்கிற மாதிரியே தார்த்துணி சுற்றி, மேலே நூல் வரிந்துகொண்டிருக்கிறேன். கம்பி ஈரமாக இருக்கிறது, காயட்டும் என்றேன். தம்பி ரால்ஃப் இந்தக் கப்பலில்தான் வேலைக்குப் போகிறான். அவன் கேட்டால்தானே! “இரும்புக்கு என்னண்ணே, ஜலதோஷமா பிடிக்கும்? சுத்து, சுத்து.” சிரித்துக்கொண்டே சுற்றினேன்.

ஏப்ரல் 19
கிளம்பிவிட்டது. தென்னமெரிக்க முனையைச் சுற்றி வால்பரைசோ துறைமுகத்துக்கு.

ஆகஸ்ட் 21
எப்படி எழுதுவேன். அதே மழை வாரத்தில் நான் கம்பி கட்டிய இன்னொரு கப்பல் பால்டிக் கடல் பக்கம் போய்த் திரும்பியிருக்கிறது. ஒரு கயிற்றில் உறை உப்பியிருந்தது. கத்தியால் கிழித்தேன். வெளியே தார் பளபளக்கிறது, உள்ளே துரு — விரலோடு பொடியாக வந்தது. மழைத்தண்ணீரை நானே உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறேன். சணல் என்றால் அறுவதற்கு முன் நார் நாராகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். இது ஒன்றுமே காட்டாது. ரால்ஃபின் கப்பலிலும் இதே கைதானே?

ஆகஸ்ட் 22
ஹட்ஸ்பெத்திடம் ஓடினேன். “ஒரு கப்பல்ல துருன்னா எல்லாத்துலயுமா? போய் வேலையப் பாருப்பா.”
ரால்ஃபுக்கு எழுதிப் போட்டேன்: உறையைக் கிழித்துப் பார், சணல் மாட்டாமல் கிளம்பாதே. தபால் போய்ச் சேர ஏழு வாரம். அதற்குள் கிளம்பிவிட்டால்? நீந்தியா போக முடியும்?

செப்டம்பர் 30
பலத்த காற்று. இங்கே அடிக்கிற காற்றுக்கும் அங்கே அடிப்பதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் ராத்திரி முழுக்க ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 25
ரால்ஃபின் கடிதம். செப்டம்பர் மூன்றாம் தேதி எழுதியது.
“நாளைக்குக் கிளம்புறோம். வர்ற வழியில பெரிய புயல், கம்பி அசையலண்ணே. கேப்டனுக்குத்தான் பயம், திரும்பிப் போறதுக்குச் சணலே மாட்டிடலாம்னார். விடுவேனா? எங்கண்ணன் கட்டினதுன்னு சண்டை போட்டு நிறுத்திட்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன்.”
படுபாவி, என்னைப் போய் நம்பித் தொலைச்சியேடா. என் கடிதம் போய்ச் சேர்ந்தபோது நீ அங்க இல்லையேடா.

1859 பிப்ரவரி 27
கப்பலைப் பற்றி இன்றும் தகவல் இல்லை. ரால்ஃபின் மனைவி டோர்கஸ் வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கேப்டனோடு சண்டை போட்ட இடம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
“நீங்க கட்டின கயிறுங்கற ஒரே தைரியத்துலதான் அத்தான் நான் இருக்கேன்.”
துருவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கடிதத்தின் மீதியைத்தான் வாசித்தேன்.