நவம்பர் 16-க்கு ஓர் எதிரணி

செப்டம்பர் 7, சனி
அயோவாவில் 41–6 தோல்வி. பேருந்து மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை — ஓட்டியது நானாயிற்றே! எங்கள் லீக் கலைந்துபோனதால் இந்த ஆண்டு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி தனி ஆள். கோப்பையும் கிடையாது, புள்ளிப் பட்டியலும் கிடையாது. யார் கூப்பிட்டாலும் போகிறோம். ஐந்நூறு மைல், சரி, முந்நூறு, ஒரே மூச்சில் ஓட்டினேன். அந்த ஊர் போலீஸ்காரர் எனக்கு சல்யூட் அடித்தார்.

அக்டோபர் 12
முதல் வெற்றி! அக்கா மகன் பிராண்ட் தள்ளிய தள்ளில் எதிராளி ஒருவன் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தையே தாண்டி விழுந்தான். கடவுளுக்கு நன்றி.

அக்டோபர் 22
நவம்பர் 16-க்கு இங்கே ஆட வர வேண்டிய அணி வரவில்லையாம். பாதிப் பேருக்குக் காயம். எங்கள் ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆட்டம் அது. கடைசி வருடப் பையன்கள் பெற்றோர் கையைப் பிடித்து மைதானத்துக்குள் நடந்து வரும் நாளும் அதுதான். பிராண்டுக்கு அப்பா இல்லை. அந்த இடத்தில் நடக்கச் சொல்லி என்னைத்தான் கேட்டிருந்தான். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேனே, இப்போது என்ன செய்வது?

"ஆட்டம் இல்லாட்டி என்ன கோச், சும்மா நடந்துடலாமே?" என்று எங்கள் பயிற்சியாளர் ஹுருஸ்காவிடம் கேட்டேன்.

"ஆட்டம் இல்லாம நடந்தா அதுக்குப் பேரு வாக்கிங், லைல்."

அக்டோபர் 23
அமெரிக்காவில் உள்ள எல்லாக் கோச்சும் எனக்குப் பழக்கம், வெள்ளிக்குள் ஆள் பிடிக்கிறேன் என்றேன். டார்லீன் அக்கா சிரித்தாள். "உனக்கு யாருடா தெரியும்? டீசல் போடுறவனைத் தெரியும்."

அக்டோபர் 25
பத்தொன்பது கல்லூரிக்குப் போன் போட்டேன். (பதினொன்று. இரண்டுக்கு இரண்டு தடவை.) கன்சாஸில் ஒரு பெண் கேட்டாள்: "நீங்க கோச்சா?"

"போக்குவரத்துத் துறைத் தலைவர்!"

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவர்கள் கோச்சிடம் கொடுத்தாள். அவர்களும் எங்களைப் போலத் தனி அணிதான். அதே சனிக்கிழமை அவர்களுக்கும் ஆளில்லை. ஆனால் அவர்களால் இங்கே வர முடியாது. நாங்கள்தான் போக வேண்டும்.

ஆக, ஆட்டம் உண்டு. நடை சொந்த மைதானத்தில்தானே, அது இல்லை.

"பரவால்ல மாமா, கடைசியா ஒரு தடவ ஆடுறேன்ல, அது போதும்," என்றான் பிராண்ட். எனக்கு... எனக்குப் போதவில்லை.

நவம்பர் 16, கன்சாஸ்
பேருந்தை நிறுத்தியதும் அவர்கள் கோச் படியேறி வந்தார். "எங்க பசங்க ஒன்பது பேரு இன்னிக்கு நடக்குறாங்க. உங்கள்ல கடைசி வருசம் எத்தன பேரு? பேர எழுதிக் குடுங்க, சேர்ந்தே நடக்கட்டும்."

ஆறு பேர். சீட்டில் பெயர், உறவு என்று இரண்டே கட்டம். 'மாமா' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான், நடுவில் பிராண்ட். முன்பின் தெரியாத ஊர். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிராண்ட் என் கையை விடவே இல்லை.

24–20 தோல்வி.

நவம்பர் 18
எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று காபிக் கடையில் கேட்டார்கள். இருநூறு பேர் இருக்கும் என்றேன்.

உண்மையிலேயே அவ்வளவு பேர்தான் இருந்தார்கள்.