வெயில் ஆகாத நாட்கள்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

வீடியோ காலில் ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். பல்பு போய்விட்டது என்றேன்; அது பொய். முகம் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பயப்படாமல் படியுங்கள். எனக்கு மார்பகப் புற்றுநோய்.

கீமோவோடு சேர்த்து, கட்டியில் போய்த் தங்குகிற இன்னொரு மருந்தையும் ஏற்றி, அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி பட்டால்தான் அந்த மருந்து வேலை செய்யுமாம். கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை வெயில் ஆகாது. அதனால்தான் ஜன்னல் திரையை மூடியே வைத்திருக்கிறேன்.

"வெளியில தலை காட்டிடாதீங்க" என்றார் நர்ஸ்.

"முடியெல்லாம் கொட்டிப்போச்சு. இந்தத் தலைய யாருக்கும்மா காட்டப் போறேன்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி போடுவதற்காக இல்லாமல் ஒருவர் என் கையைப் பிடித்து வெகுநாளாகிவிட்டது.

தையல் கம்பெனியில் லீவு கொடுத்துவிட்டார்கள். கூட இருக்கிற பெண்கள் வேலைக்குப் போனதும் அறையில் சத்தமே இருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வரும்போது வெயிலுக்கு முழுக்கைச் சட்டை ஒன்று வேண்டும். உங்களுடைய பழையதே போதும். தோழி தபாலில் சேர்க்கக் கிளம்பிவிட்டாள், முடிக்கிறேன். பாப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

சட்டையைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

உங்களவள்