உன் கார்டீனியா விஷயமாக

அக்கா பெற்ற செல்லத்துக்கு,

மாமா சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நடந்தது எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, என் தலையெழுத்து.

நீ அம்மா வீட்டில் விட்டுப்போன கார்டீனியாச் செடி பூத்திருக்கிறது. இந்த வெயிலில்! ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம். வாசனை பஸ் நிறுத்தம் வரை போகிறது. பஸ் வந்தாலும் ஏற மனமில்லாமல் ஜனங்கள் நிற்கிறார்கள்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. நீ இருந்தபோதே இலை மஞ்சளாகி, மொட்டு விரியாமல் உதிர்ந்த செடி அது. நாற்றுப் பண்ணைக்காரரை விசாரித்தேன். (பாதி விஷயம் நான்தான் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன்.) காலை வெயில் போதும், உச்சி வெயில் ஆகாது, மொட்டு விட்டபின் தொட்டியை நகர்த்தக் கூடாது, முக்கியமாக நம் குழாயில் வரும் சுண்ணாம்புத் தண்ணீர் இதற்கு விஷம் என்றார். அப்படியானால் உன் அம்மா எந்தத் தண்ணீரை ஊற்றுகிறாள்?

முதலில் கீழ்வீட்டுத் தையல்காரர் மேல் கண் வைத்தேன். செடியையே மாற்றிவிட்டாரோ? பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "எனக்குப் பட்டன் தைக்கவே நேரமில்ல சார், இதுல உங்க செடியை வேற தூக்கணுமா?" என்று சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அடுத்து உன் அம்மா. நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து உன் போனை எடுக்காதவள். நீ அனுப்பிய ஏசியை நான் சண்டை போட்டுத்தான் மாட்டவைத்தேன். அப்போதும், "அவ அனுப்பின காத்து எனக்கு வேணாம்" என்று சபதம் போட்டாள். நேற்றுப் போனால், விசிறியால் வீசிக்கொண்டு, "உஸ், என்ன புழுக்கம்டா" என்கிறாள். எனக்கோ முதுகு சில்லென்கிறது. கேட்டால், சுவர் கனமாம், அதனால்தானாம்!

டிக்கெட் இல்லாதவன் தூங்குகிற மாதிரி நடிப்பதை ஆயுசு முழுக்க ரயிலில் பார்த்த பரிசோதகன் நான். நேராகப் பால்கனிக்குப் போனேன். ஏசிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடியில் வாளி. பக்கத்தில் உன் கார்டீனியா.

"குழாத்தண்ணி ஊத்தினா செத்துப்போயிடும்டா. ஏசித் தண்ணியில சுண்ணாம்பு இல்லையாம். செடிக்காகத்தான் ஏசியைப் போடுறேன், எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ எப்ப வர்றாளாம்?" என்று கேட்டாள்.

இன்னும் விரியாத மொட்டுகள் நிறைய இருக்கின்றன. சீக்கிரம் புறப்படு. இரண்டு பேரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

உன் தாய்மாமன்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. ஏசி சத்தியம். வாளி சத்தியம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதும் சத்தியம். நீ எப்போது வருவாய் என்று மட்டும் அவள் கேட்கவில்லை, அதை நான்தான் சேர்த்தேன். அவள் கேட்க மாட்டாள் கண்ணு. நீ வந்துவிடு.