எந்த டெஸ்ட் எடுத்தாய்?

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அக்காவும் சௌக்கியம், அம்மா மாத்திரை புண்ணியத்தில் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாய், அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போனில் கேட்டாலோ சரியாக அந்த இடத்தில் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

அம்மாவின் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, காரணம் ஹெபடைட்டிஸ் பி, சின்ன வயதிலேயே உள்ளே வந்து சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே, "பெத்த பிள்ளைங்க ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கணும், வீட்டுக்காரரும் குடுக்கணும்" என்றார். நானும் அக்காவும் மறுநாளே போனோம். எங்களுக்கு இல்லை, தடுப்பூசியும் ஆரம்பித்தாயிற்று. ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிற உன் அக்காவே வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். நீ என்ன செய்தாய்? ஆராய்ச்சிக்கூடத்தில் இந்த வைரஸை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறாய், உன் ரத்தத்தைப் பார்க்க மட்டும் உனக்கு நேரமில்லை. வேலையில் சேரும்போதே தடுப்பூசி போட்டுவிட்டார்களாம். முன்னாலேயே உள்ளே இருந்தால் ஊசி போட்டு என்ன பிரயோஜனம், இதை நான் உனக்குச் சொல்ல வேண்டுமா?

அன்றைக்கு எவ்வளவு பொறுமையாக எனக்கு விளக்கினாய்! நான் பெரிய கட்டடங்களில் தீ அலாரம் பழுதுபார்க்கிறவன் என்று என் வேலையை வைத்தே சொன்னாய். "வைரஸ் உள்ள வந்தா கல்லீரல் செல்லு உடனே உங்க அலாரம் மாதிரி இன்டர்ஃபெரான்னு ஒரு எச்சரிக்கையை அக்கம்பக்கத்து செல்லுக்கெல்லாம் அனுப்பணும்பா. இந்த வைரஸோட புரதங்க அது போற வழியிலேயே அமுக்கிடும். இன்னொரு புரதத்த ரத்தத்துல கொட்டிக்கிட்டே இருக்கும், அதோட மல்லுக்கட்டியே எதிர்ப்பு செல்லெல்லாம் ஓஞ்சு போயிடும்" என்றாய். எனக்கு டக்கென்று பிடிபட்டது. திருட்டுத்தனமாக சிகரெட் பிடிக்கிற ஆபீஸ்காரன் புகைமணியில் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுப் போவான், கீழே பேனலில் எல்லாம் சரி என்று பச்சை விளக்கு ஜம்மென்று எரியும், நான் ஏணியில் ஏறிப் பையைப் பிரிக்கும்போது வாயில் நல்ல வார்த்தை வராது. அன்றைக்கு வீட்டில் உன் மூளையை மெச்சி மெச்சிப் பேசினேன், இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அவ்வளவு தெரிந்தவன் போன வாரம் என்ன சொன்னாய்? "லிவர் டெஸ்ட் எடுத்தேன்பா, நார்மல்" என்றாய். அம்மா சந்தோஷத்தில் அழுதே விட்டாள். எந்த டெஸ்ட் என்று கேட்டேன், சிக்னல் போய்விட்டது. டாக்டரிடமே போய்க் கேட்டேன். அது கல்லீரலுக்குச் சேதம் உண்டா என்று பார்க்கிற டெஸ்ட், வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு டெஸ்ட், உங்கள் மனைவிக்கும் அது வருஷக்கணக்கில் நார்மலாகத்தான் வந்தது என்றார். இது உனக்குத் தெரியாதா? தெரிந்தே எங்கள் காதில் பூ சுற்றியிருக்கிறாய். அன்று ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினவளை மறுநாள் உட்காரவைத்து நான்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா உனக்குப் பரிந்துகொண்டு, "பயமா இருக்கும்பா, தினமும் அதையே பாக்குறான்ல" என்றாள். பயந்தால் என்னிடம் சொல்லேன், திட்டிக்கொண்டே உன்கூட வருவேன். ஆனால் அம்மா வேறு சொல்கிறாள். "அவனுக்கு இருந்தா அது என்கிட்டேர்ந்து போனதுன்னு ஆயிடும், நான் உடைஞ்சு போயிடுவேன்னுதான் எடுக்க மாட்டேங்கிறான்" என்கிறாள். அப்படியா சங்கதி? அப்படியென்றால் உன்னைப் போல வடிகட்டின முட்டாள் இல்லை. அவளைக் காப்பாற்றுகிறாயாக்கும்! வந்து பார், சாப்பாட்டுத் தட்டை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருக்கிறது என்று தெரிந்தால் என்ன, டாக்டர் பார்த்துக்கொள்வார், தேவைப்பட்டால் அம்மா மாதிரி நீயும் மாத்திரை போடுவாய். தெரியாமல் இருப்பதுதான் அவளை அரிக்கிறது. அது போகட்டும், மருமகளிடம் அம்மாவுக்கு ஏதோ வயிற்றுக் கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறாயே, அவள் தடுப்பூசி போட்டவளா இல்லையா என்றாவது உனக்குத் தெரியுமா? உன் பக்கத்தில் படுக்கிறவளுக்கு அது வரலாம் என்று உன் படிப்பு சொல்லவில்லையா? இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்று காலை அம்மாவே மருமகளுக்குப் போன் போட்டாள். நான் கொஞ்சம் யோசி என்றேன், "என் நோய நானே சொல்றேன்" என்று என் வாயை அடைத்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை, உன்னைக் குறை சொல்லவில்லை. "சரிங்கத்தை, ரெண்டு பேரும் சேர்ந்தே போய் ரத்தம் குடுக்குறோம்" என்றாளாம். இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். போயிருக்காவிட்டால் இதைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பு. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட், ஞாபகம் இருக்கட்டும். முடிவு எப்படி வந்தாலும் முதலில் அம்மாவிடம் சொல், உள்ளதை உள்ளபடி சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். திட்டின வாயால்தான் வாழ்த்துகிறேன், பலிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு அம்மா இதையும் எழுதச் சொல்கிறாள்: "அவனுக்கு இருந்தா, நான் மாத்திர போடுற நேரத்துக்கு அவனையும் போடச் சொல்லுங்க. தினமும் ஒரு தடவையாவது ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் செஞ்ச மாதிரி இருக்கும்."

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா