ஏரியில் அறுபட்ட கம்புகள்

ஏப்ரல் 28
மறுபடி போலீசுக்குப் போன் செய்தேன். "குடிச்சிட்டுப் பனிவண்டி ஓட்டியிருக்கான், ஐஸ் உடைஞ்சு ஏரியில விழுந்துட்டான். இதுல துப்பறிய என்ன மேடம் இருக்கு?" என்றார் அதிகாரி. தொலைதூர நகரத்திலிருந்து, கொட்டாவியோடு.
இஸ்ஸாத் குடியை விட்டுப் பல வருடமாகிறது. அவன் மனைவி ரிஸ்தின் துப்பறிய என்னை அமர்த்தியதே அதனால்தான். "குடிகாரன்னு பேர் வெச்சு அவரைப் புதைக்க விடாதீங்கக்கா."

ஏப்ரல் 30
கடையில் யுஹான். மேய்ச்சல் நிலத்துக்காக இஸ்ஸாத்தோடு கைகலந்தவன். எல்லோர் முன்னும் கேட்டேன்: "நீதானே அவனைக் கொன்ன?" கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனான்.
நகரத்தில் படித்துத் திரும்பிய என்னைப் பார்த்து நீலாஸ் சிரித்தான். "யூனிவர்சிட்டி அம்மாவுக்கு ஊரே கொலைகாரன்தான்!" உறைந்த ஏரியின் மேல், ஐஸ் தடித்த பாதையைக் காட்ட, ஆண்டுதோறும் வழிகாட்டிக் கம்புகள் நடுபவன் அவன்.

மே 1
விடுமுறை. போலீஸ் போனை எடுக்கவில்லை. உருகுகிற ஐஸ் விடுமுறை எடுத்துக்கொள்ளுமா?
சம்பவத்தன்று யுஹான் நகர ஆஸ்பத்திரியில் இருந்தானாம், மகளின் பிரசவத்துக்கு. ஊருக்கே தெரியும். நான்தான் கேட்கவில்லை.

மே 3
இஸ்ஸாத் மூழ்கிய இடம்வரை கம்புகள் நிற்கின்றன. அவற்றை நம்பித்தான் போயிருக்கிறான். வெள்ளைவெளியில் நாங்கள் கம்பைத்தான் பார்ப்போம், கரையை அல்ல.
கடைசிக் கம்புகள் ஆடின. குளிர்காலத் தொடக்கத்தில் நட்டவை எப்படி ஆடும்? மேற்கே தள்ளிப் பனியைச் சுரண்டினேன் - அடிக்கட்டைகள்! உறைந்த கம்பைப் பிடுங்க முடியாது, அறுத்திருக்கிறான். அறுத்து, ஆறு கலக்கும் மெல்லிய ஐஸில் நட்டிருக்கிறான். சீ! ஜென்மப் பகையாளிகூட அந்தக் கம்பைத் தொடமாட்டானே!
கம்பு நடுபவன் நீலாஸ்தான். ஏன் செய்தான்? ரிஸ்தின் சொன்னாள்: "எங்க பனிமானுங்க காதுல நாங்க வெட்டின அடையாளக் குறியை மாத்தி வெட்டித் தன் மந்தையில சேத்துக்கிட்டான். புகார் குடுக்கப்போறேன்னு இவரு அவன்கிட்டயே சொல்லிட்டு வந்தாரு."

மே 4
"அடுத்த வாரம் வர்றோம்" என்கிறது போலீஸ். அடுத்த வாரம் அங்கே தண்ணீர்தான் இருக்கும், மடையர்களே!
நானும் ரிஸ்தினும் ஒரு கட்டையைச் சுற்றி ஐஸோடு அறுத்துப் பெயர்த்தோம். ஆடிய கம்பையும் எடுத்துக்கொண்டோம். ஃப்ரீசரிலிருந்த இறைச்சியைக் காலி செய்து இடம் கொடுத்தாள்.

மே 12
அதிகாரி வந்தார். "ஐஸே இல்லையே மேடம்?"
ரிஸ்தின் ஃப்ரீசரைத் திறந்தாள். கம்பின் முனை கட்டையோடு இழை பிசகாமல் பொருந்தியது. அதிகாரி வரவழைத்திருந்த நீலாஸ் குனிந்து அதைப் பார்த்தான். பிறகு, "பயமுறுத்தத்தான் செஞ்சேன்" என்றான்.
பயமுறுத்த!
குடித்திருந்தான் என்பதை அறிக்கையிலிருந்து நீக்கச் சொன்னோம். அதிகாரி எங்கள் எதிரிலேயே அந்த வரியை அடித்தார். ரிஸ்தின் அப்போதுதான் அழுதாள்.

மே 14
யுஹான் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தான்.
"கடையில எல்லாரும் கேக்கத்தானே சொன்ன? மன்னிப்பையும் அங்கயே வந்து கேளு."
நாளை சரக்கு லாரி வரும். கடையில் ஊரே நிற்கும்.
போக வேண்டும்.