அந்த அசைவுக்குப் பெயர் தடுப்பு

ஜூன் 3

அன்புள்ள குட்டிமாவுக்கு,

நலமா? போனை எடுத்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததை உன் அண்ணன் அரைகுறையாகச் சொல்லியிருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் தபால்காரரைக் குளிக்க அழைத்துப் போனேன். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் அங்கே அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். நினைவு தப்பிவிட்டது, ஆனால் ஆள் இன்னும் திடகாத்திரம். குளியலறைக்குள் கால் வைத்ததும் இடது கையால் என் காலரைக் கொத்தாகப் பிடித்து முறுக்கினார். மூச்சு முட்டியது. "விடுங்க ஐயா, விடுங்க" என்றேன். விடவில்லை. அப்புறம் என் கைகள் தாமாகவே இயங்கின. நம் கராத்தே வகுப்பின் முதல் கட்டாவில், அந்த அசைவுக் கோவையில், முதல் திருப்பம் முடிந்ததும் வருமே, அந்த அசைவு. மளுக்கென்று ஒரு சத்தம். அவர் முழங்கை உடைந்துவிட்டது.

அவர் மகள் புகார் கொடுத்திருக்கிறாள். இல்லத்தில் விசாரணை வைத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் கராத்தே சொல்லிக்கொடுக்கிறவள் நீ. அந்த அசைவுக்குப் பெயர் தடுப்பு, சின்னப் பிள்ளைகளுக்கே அதைத்தான் முதலில் கற்பிப்போம் என்று ஒரு தாளில் எழுதித் தா. அதில் பொய் ஒன்றும் இல்லையே. "குட்டி எழுதிக் குடுத்தா உன் வேலை தப்பிச்சிடும்" என்கிறார் உன் அண்ணன்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 8

பாசமுள்ள அண்ணிக்கு,

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, வெறும் கூடத்தில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் கழுத்து எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே.

பெயர் தடுப்புதான். ஆனால் தடுக்க ஒரு கை போதுமே, இன்னொரு கை எதற்காக இடுப்புக்குப் போகிறது என்று முதலில் கேட்டது யார்? கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் துணையாக வந்து, சும்மா உட்காரப் பிடிக்காமல் வகுப்பில் சேர்ந்தவர் நீங்கள். அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல், சமையலறையில் ஒருவர் காலரை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த அசைவுக்கு அர்த்தம் தேடினோம். இடுப்புக்குப் போகிற கை வெறுங்கையாகப் போகவில்லை, எதிராளியின் மணிக்கட்டை இழுத்துக்கொண்டு போகிறது. குறுக்கே வருகிற முன்கை அவன் முழங்கைமேல் விழுகிறது. "அடியே, இது தடுப்பில்லடி, உடைப்பு!" என்று நீங்கள் போட்ட கூச்சலில் அண்ணன் ஓடி வந்தார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, தடுப்பு என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை அண்ணி. ஆனால் நமக்கு இன்னொன்றும் தெரியும். பிடித்த கை முழுக்க நீண்டதும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் அது பிடி, தாண்டினால்தான் உடையும். விசாரணைக்கு நானே வருகிறேன். என் கையை நீட்டுகிறேன், செய்து காட்டுங்கள். நீங்கள் எலும்பை முறிக்கப் பழகியவர் இல்லை என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

உங்கள்,
குட்டி


ஜூன் 12

குட்டிக்கு,

ஒரு தாள் கேட்டேன், நீ பாடம் நடத்துகிறாய். "இவ என் தங்கச்சியே இல்ல" என்று உன் அண்ணன் குதிக்கிறார். அவரை அதட்டி உட்காரவைத்தேன். ஆனால் எனக்கும் மனசு ஆறவில்லை.

சரி, வா. அடுத்த வியாழன் காலை. வேறு யாரும் எனக்காக வரப்போவதில்லை.

அண்ணி


ஜூன் 21

அண்ணிக்கு,

விசாரணை முடிந்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பஸ் ஏறிவிட்டேன். காப்பாற்ற வந்தவள் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

என் மணிக்கட்டை இழுத்தீர்கள், முன்கையை வைத்தீர்கள், மயிரிழையில் நிறுத்தினீர்கள். எனக்கு வலிக்கவே இல்லை. எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார் அண்ணி என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். அப்போதுதான் தபால்காரரின் மகள் எழுந்தாள். "இவங்க கைய உடைக்காம நிறுத்தத் தெரியுதுல்ல? எங்கப்பா கைய மட்டும் ஏன் நிறுத்தல?" என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் நீங்களே சொல்லிவிட்டீர்கள். "இவகிட்ட எனக்குப் பயமில்லம்மா. அன்னைக்கு அவரப் பார்த்துப் பயந்துட்டேன்."

அதுவே காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமும் பயம் தராத கைகளைப் பிடித்துத்தான் நாம் அர்த்தம் கண்டுபிடித்தோம். நிறுத்தலாம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்! பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. என்னை வெறுத்துவிடாதீர்கள்.

குட்டி


ஆகஸ்ட் 2

அன்புள்ள குட்டிமாவுக்கு,

கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் இனி யாரையும் தொட்டுப் பார்த்துக்கொள்ளக் கூடாதாம். சலவை அறையில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கப் போர்வை மடிக்கிறேன்.

நேற்று தபால்காரரின் மகள் அங்கே வந்தாள். மாவுக்கட்டுக்கு மேல் சட்டைக் கை ஏறவில்லை, வெட்டித் தர முடியுமா என்று கேட்டாள். என்னை அடையாளம் தெரிந்ததும் திரும்பிப் போகப் பார்த்தாள். "இருங்கம்மா, நானே வெட்டித் தரேன்" என்றேன். நின்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அப்பாவுக்கு ஈரத் தரைன்னா பயம். விழுந்துடுவோம்னு எதிர்ல யாரு இருந்தாலும் பிடிச்சுக்குவாரு. வீட்ல எத்தனையோ தடவை என் கழுத்தையும் பிடிச்சிருக்காரு. நான் அணைச்சுக்குவேன், விட்டுடுவாரு."

அன்றைக்கும் தரை ஈரம்தான் குட்டி. அவரைக் கூட்டிவருவதற்கு முன்னால் நான்தான் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தேன்.

நம் கைகள் என்ன சொல்கின்றன என்று அவ்வளவு தேடினோமே, நம்மைப் பிடிக்கிற கை என்ன சொல்கிறது என்று ஒருநாளாவது கேட்டோமா? பிடித்தால் எதிரி என்று வைத்துக்கொண்டுதானே மற்றதையெல்லாம் யோசித்தோம்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் அந்தச் சட்டையின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் வெட்டினேன்.

வகுப்புக்கு இனி நான் வரமாட்டேன். நீ சொல்லிக்கொடு, உன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உன் அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

என்றும் உன்,
அண்ணி